பார்க்காமல் கொடுக்காத பவுடர்

என் கிளினிக்கில் மருந்துக்கடை கிடையாது. ஆனால் மருந்து உண்டு. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன இடத்தில், நான் பார்க்கிற நோயாளிக்கு நானே மருந்து எடுத்துக் கொடுப்பேன். சிலதைக் கலந்து கொடுப்பேன், சிலதை அரைத்துக் கொடுப்பேன். "லைசென்ஸ் இல்லாம எப்படி டாக்டரம்மா?" என்று யாராவது என்னிடமே சட்டம் பேச வந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். லைசென்ஸ் இல்லாமல் கொடுக்கலாம் என்பதும் சட்டம்தான். பதிவு செய்த டாக்டர் தன்னுடைய நோயாளிக்குத் தன் கையால் மருந்து தரலாம். அந்த நோயாளிக்கென்றே தயாரித்தும் தரலாம். கடை திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்கக் கூடாது, அதுதான் நிபந்தனை.

இதை என் மண்டையில் ஏற்றியவர் மருந்து ஆய்வாளர் ஒருவர். கிளினிக் திறந்த புதிதில் வந்தார். அலமாரியைத் திறக்கச் சொன்னார், ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்க பேஷண்ட்டுக்கு மட்டும்தாம்மா. பக்கத்து வீட்டுக்காரங்க, சொந்தக்காரங்க, அவங்க அனுப்பின ஆளு, இவங்கள்லாம் உங்க பேஷண்ட் இல்ல. நீங்க கண்ணால பாத்திருக்கணும்" என்றார். நான் என்னவோ சாராயம் காய்ச்சுகிற மாதிரி பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நல்லபடியாகத்தான் போனார்.

நான் அரைக்கிற பவுடர் ஒன்றும் தேவ ரகசியம் இல்லை. மெட்ரோனிடசோல் என்று, வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரை. பீங்கான் கல்வத்தில் போட்டு மாவாக அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அழுகிய புண்ணைக் கழுவி, ஒற்றியெடுத்து, அதன்மேல் தூவினால் நாற்றத்தைக் கிளப்புகிற கிருமி சாகும். புண் ஆறுமா என்பது வேறு விஷயம். நாற்றம் நிற்கும். உள்ளறையில் முடங்கிக் கிடக்கிற மனுஷன் கூடத்துக்கு வந்து உட்காரலாம். கல்லூரியில் எங்களுக்கு நாற்றத்தை ஒரு வியாதியாக யாரும் சொல்லித் தரவில்லை. வைத்தியம் பார்க்க வந்த பிறகுதான், வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறவர்கள்கூட தன் உடம்பு நாறுகிறது என்று தெரிந்தால் எப்படிக் கூனிக் குறுகிப் போகிறார்கள் என்று பார்த்தேன்.

பூச்சந்தைப் பக்கம் மாலை கட்டுகிற ஒருவருக்குச் சர்க்கரையால் காலில் புண். மகன் கடைக்குள்ளேயே விடவில்லை. இந்தப் பவுடரை அரைத்துக் கொடுத்தேன். அந்த வாரத்திலேயே மனுஷன் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், சந்தை முழுக்க என் பவுடர் பேர் வாங்கிவிட்டது. 'டாக்டரம்மா பவுடர்' என்று கேட்டுக்கொண்டு ஒருத்தி முழங்கால் வலிக்கு வந்தாள். "ஏம்மா, உன் முட்டி என்ன நாறுதா?" என்று கேட்டு, வேறு மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள்.

கோபுரத்துப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து பூக்கட்டி விற்கிற பெண்களில் ஒருத்தி. ஐம்பது வயது இருக்கும். அவள் வீட்டுக்காரர் விடியற்காலையில் திருவெள்ளறைப் பக்கத்துத் தோட்டங்களில் பூ எடுத்து மொபெட்டில் கொண்டு வருவார், இவள் கட்டுவாள். போகிற வருகிற வழியில் முகம் தெரியும், அவ்வளவுதான் பழக்கம். ஐப்பசி மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காராமல் கதவோரமே நின்றாள். தலை நிறைய மரிக்கொழுந்து. அது போதாதென்று ரவிக்கைக்குள்ளும் ஒரு கொத்து செருகியிருந்தாள். கூடவே கற்பூர வாசம். இவ்வளவு வாசனையோடு ஒருத்தி வந்தால், எதையோ மறைக்கிறாள் என்று எந்த டாக்டருக்கும் தெரியும்.

"என் தங்கச்சிக்கு டாக்டரம்மா. ஊர்ல இருக்கா. மார்ல ஒரு புண்ணு. வாடை வருதுங்க. அந்தப் பவுடரு கொஞ்சம் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"தங்கச்சிய கூட்டிட்டு வாங்க."

"அவ வரமாட்டாங்க. கூச்சப்படுறா."

"அப்ப நான் வரேன். எந்த ஊரு?"

"ஐயோ, நீங்க எதுக்குங்க அவ்வளவு தூரம்... பவுடர் மட்டும் குடுங்க, எப்படிப் போடணும்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"பாக்காம குடுக்க முடியாதும்மா. நான் பாத்த என் பேஷண்ட்டுக்குத்தான் குடுக்கலாம். சட்டம் அப்படி."

"சட்டமா? பவுடருக்கா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். போலீஸ்காரர் எட்டிப் பார்க்கிறாரா என்பது போல் தெருப்பக்கம் ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

பேசுகிற நேரம் முழுக்க இடது முழங்கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். தங்கை யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருத்தி தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு நிற்கும்போது, "பொய் சொல்லாதே" என்று சேலையைப் பிடித்து இழுக்க முடியுமா? முடியாது. "தங்கச்சிகிட்ட சொல்லுங்க. கதவைச் சாத்திக்குவேன். நானும் பொம்பளைதான். எதுவும் திட்ட மாட்டேன்" என்றேன். நான் திட்ட மாட்டேன் என்று சொன்னதை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவள் சிரிக்கவில்லை. "சொல்றேங்க" என்று குடையை விரிக்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி போயிற்று. அலமாரியில் பவுடர் இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை கொடுத்தால் யார் குடி முழுகிவிடும்? ஆய்வாளர் தினமுமா வந்து பார்க்கிறார்? கொடுத்திருந்தால் அவள் இன்றைக்கு நாற்றமில்லாமல் தூங்கியிருப்பாள். ஆனால் கொடுத்தால் அவள் திரும்பி வரவே மாட்டாள் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியும். நாற்றம் ஒன்றுதான் அவளைப் படியேற வைத்தது. அதையும் நானே துடைத்துவிட்டால், மாரில் இருப்பது யாரும் பார்க்காமலே வளர்ந்து அவளைத் தின்றுவிடும். சட்டத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் பிடிவாதம் பிடிக்கிறேனா, இல்லை அந்தச் சட்டமே இப்படி ஒருத்திக்காகத்தான் எழுதினார்களா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

நான் மேலப்புதூரில் மாதா கோயில் மணிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். தலையில் பூ வைக்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அந்த நாட்களில் சாயங்காலமானால் போய் அவளிடம் முல்லை வாங்குவேன். "தங்கச்சி எப்படி இருக்கா?" என்பேன். "இருக்காங்க" என்பாள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். பக்கத்தில் இருக்கிற பெண்கள் தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருப்பார்கள். வாங்கின பூவை மாதா படத்துக்கு வைத்தேன். அவளை எப்படியாவது அனுப்பி வையுங்கள் என்று கேட்டேன், வேறென்ன செய்ய.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், கிளினிக்கைப் பூட்டுகிற நேரத்தில், அவள் படியேறி வந்தாள்.

"தங்கச்சி வந்திருக்காங்க" என்றாள்.

அவள் பின்னால் யாரும் இல்லை. "வரச் சொல்லுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

உட்கார்ந்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, "பாக்காம உங்க பேஷண்ட்டா ஆக முடியாதாங்க?" என்று கேட்டாள். கெஞ்சல் இல்லை, ஒருவேளை அப்படியும் ஒரு வழி இருக்குமோ என்று விசாரிக்கிற குரல். "முடியாதும்மா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். மரிக்கொழுந்துக் கொத்து. துணியில் முடிந்த கற்பூரம். நாலாக மடித்த பழைய வேட்டித் துணி, அதற்குக் கீழே இன்னொன்று, அது புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்துத்தான் எடுக்க முடிந்தது.

மாதாவே, எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புற்று வெளியே வந்து பூத்து, அழுகி, பாதி மாரைத் தின்றிருந்தது.

திட்ட மாட்டேன் என்று சொன்ன வாயை என்னால் அடக்க முடியவில்லை. "அறிவிருக்கா உனக்கு? இத்தனை நாளு எங்க போயிருந்தே? உன் புருஷனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்திவிட்டேன். நீங்க என்பது எங்கே போயிற்றோ. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவருக்குத் தெரியாதுங்க. மழைக்கு முன்னாடியே பூ ரூம்ல தனியாப் படுத்துக்கறேன். முதுகு வலிங்கிறேன், நம்பிட்டாரு. எனக்கு வைத்தியத்துக்குப் பயம் இல்லீங்க டாக்டரம்மா. பூ சாமிக்குப் போறது. கட்டும்போது நாங்க மோந்துகூடப் பாக்க மாட்டோம். சின்னப் புள்ளைல ஒரு மல்லியை மூக்குகிட்ட கொண்டு போனதுக்கு எங்கம்மா விரல்லயே போட்டாங்க. இப்ப என் மேலயே இப்படி நாத்தம்னு தெரிஞ்சா, கூட உட்கார்ந்து கட்டுறவளுங்க என்னைப் பக்கத்துல உட்கார விடுவாங்களா? என் கைப்பூவை யாரு வாங்குவா? உட்கார விடலைன்னா நான் எங்கங்க போவேன்?"

வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். பவுடர் தூவினேன், புதுத்துணி வைத்துக் கட்டினேன். 'பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் பாக்கிப் பவுடர்' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் காரியம் ஆகும் என்றும் தெரியும். ஆனால் அவள் நாற்றத்தை வைத்து அவளோடு பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. ஒரு டப்பா நிறையப் போட்டு, அவள் பேரும் என் பேரும் எழுதி, வெளியே தூவ மட்டும் என்று அடியில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

"இப்ப நான் உங்க பேஷண்ட்டுங்களா?"

"ஆமா. இனிமே நான் சொல்றதைக் கேக்கணும். நாளைக்கு என்கூட பெரியாஸ்பத்திரிக்கு வரணும்."

டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வரேங்க" என்றாள்.

வந்தாள். என்னோடு ஆட்டோவில் உட்கார்ந்து காவேரிப் பாலம் தாண்டி, திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். புற்று எலும்பிலும் நுரையீரலிலும் இறங்கியிருந்தது. "புண்ணு ஆரம்பிச்சப்பவே வந்திருந்தாங்கன்னா கதையே வேற மேடம்" என்றார் அங்கிருந்த சின்ன வயது டாக்டர். தெரியுமப்பா, எனக்கும் தெரியும் என்று அவர் மேல் சீறத் தோன்றியது. பாவம், அவர் என்ன செய்வார். ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்க மருந்து ஏற்றலாம், வலிக்குப் பார்க்கலாம் என்றார்கள். சரி என்றோம்.

மருந்து ஏற்ற ஆரம்பித்தால் வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் எப்படி முடியும்? அவள் கையாலேயே தினம் கழுவிக் கட்டவும் முடியவில்லை. அவளோடு அவரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். மெலிந்த மனிதர், சட்டையெல்லாம் பூச்சாயம். நான் விஷயத்தைச் சொன்னேன், அவளைப் படுக்க வைத்துக் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். சத்தம் போடுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் எதுவும் கேட்காமல் என்னிடம் சொன்னார்.

"வீட்ல வாடை, வீட்ல வாடைன்னு நான் பூக்கழிவுன்னே நினைச்சுட்டேங்க. பூ அழுகினா இப்படித்தானே இருக்கும். கூடையெல்லாம் தூக்கிப் போட்டேன். சாக்கடையைத் தோண்டினேன். அந்த ரூம் தரையையே பேத்துட்டு சிமெண்ட் போட்டேங்க. நான் தேய்க்கத் தேய்க்க இவ பின்னாடி நின்னு தண்ணி ஊத்தினா."

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எப்படிப் போடணும்னு காட்டுங்க" என்றார். காட்டினேன். பூ கட்டுகிற வீட்டு ஆள். விரல் பதமாக இருந்தது. அன்றிலிருந்து அவர்தான் அவளுக்குக் கழுவி, தூவி, கட்டினார். தீரத் தீர நான் அரைத்துக் கொடுத்தேன்.

நாற்றம் போயிற்று. சும்மா சொல்லவில்லை, சுத்தமாகப் போயிற்று. மரிக்கொழுந்தை விட்டுவிட்டாள், கற்பூரத்தை விட்டுவிட்டாள். மருந்து ஏற்றின களைப்பு தணிகிற நாட்களில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கட்டினாள். தலைமுடி கொட்டியதற்கு, சாமிக்கு முடி கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தரம் கிளினிக்குக்கு வரும்போதும் முதல் காரியமாக என் பக்கத்தில் நெருங்கி நிற்பாள். "மோந்து பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா." நான் குனிந்து, மூச்சை இழுத்து, "ஒண்ணும் இல்ல" என்பேன். பரீட்சை பாஸ் ஆன பிள்ளைக்கு வருகிற சிரிப்பு ஒன்று வரும் அவளுக்கு. "அவளுங்க யாருக்கும் தெரியாதுங்க. ஒருத்திக்குக்கூடத் தெரியாது" என்பாள். அதில் அவளுக்கு அவ்வளவு நிறைவு. அவளைப் பிழைக்க வைக்க முடியாத எனக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் மிச்சம். அதற்காகவே அவள் வருகிற நாளை எதிர்பார்ப்பேன்.

சித்திரைத் தேர் முடிந்ததும் படுத்துவிட்டாள். முதுகெலும்பில் வலி. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கடைசி நாட்களில் புண் எல்லை மீறிப் போயிற்று; பவுடர் கேட்கவில்லை. "மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். நம்பினாளா தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் போன செய்தி கேட்டு மத்தியானம் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வரிசைப் பெண்கள் எல்லாரும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு அவளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் முழங்கால் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாற்றம் இருந்தது. வெயிலும் சேர்ந்துகொண்டு, வாசலிலேயே முகத்தில் அடித்தது. எனக்கு அவளை நினைத்து அவமானமாக இருந்தது. எதற்கு இவ்வளவு பாடு பட்டாளோ, அது கடைசி நாளில் எல்லார் முன்னாலும் இப்படி வெட்டவெளிச்சமாகிவிட்டதே என்று துடித்துப் போனேன். அந்தப் பெண்களில் மூத்தவளிடம் போய்க் குனிந்து, "ஊதுபத்தி இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வாடைக்குங்களா?" என்றாள் அவள் சாதாரணமாக. "வேணாங்க. எங்களுக்குப் பழகினதுதானே."

"பழகினதா?"

"பங்குனியிலேர்ந்தே இருந்துச்சே டாக்டரம்மா. இந்தப் பங்குனி இல்ல, போன பங்குனி. நடுவுல கொஞ்ச நாளு இல்லாம இருந்துச்சு."

போன பங்குனி. அவள் மழையில் நனைந்துகொண்டு என் படியேறினதற்கு அவ்வளவு மாதம் முன்னால்.

"தெரியுமா உங்களுக்கு?"

"பக்கத்துலயே உட்கார்றோம், தெரியாதாங்களா?"

"தெரிஞ்சும் ஏம்மா ஒருத்திகூட சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"எப்படிங்க சொல்றது?" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, விரல் மட்டும் நிற்காமல் முடிச்சுப் போடுகிறது. "உன் மேல நாத்தம் அடிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? பூவை வாரி வாரி வெச்சுக்கிட்டு வந்து உக்காருவா. தெரியக்கூடாதுன்னு நினைக்கிறா, தெரியாத மாதிரியே இருப்போம்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம். அவ எதிர்ல நாங்க ஒருத்தரும் மூக்கைத் தொட்டதில்லீங்க. தள்ளி உட்கார்ந்ததில்ல. சாமி மேல சத்தியமா, ஒரு நாளுகூட."

சொல்லிவிட்டு, நானும் உட்கார இடம் வேண்டுமே என்று பூக்கூடையை நகர்த்தினாள். நான் உட்கார்ந்தேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி, அந்தப் பங்குனியில் முகத்தைச் சுளித்துக் காட்டியிருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். இதை அந்தப் பெண்களிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வழியாகத்தான் கிளினிக்குக்குப் போகிறேன், இன்னும் சொல்லவில்லை.